இரண்டு முறை கழித்தவள்

விருதுநகரில் ஒரு மனிதக் குரலின் விலை நிமிடத்துக்குப் பதினெட்டு ரூபாய். தும்மலோடு வேண்டுமென்றால் இருபது.

மெஷின் குரல் அறுபது பைசாவுக்கே கிடைக்கும். அதுவும் தமிழ்தான், அதுவும் ‘வணக்கம், சொல்லுங்க’ என்றுதான் ஆரம்பிக்கும். ஆனால் பில்லிங் மெஷின் மக்கர் பண்ணுவதைப் பற்றி இன்னொரு மெஷினிடம் முறையிட்டு ஜனங்களுக்கு அலுத்துவிட்டது. திருடனைப் பற்றி அவன் மச்சானிடமே புகார் கொடுப்பது மாதிரி இருக்கிறது என்றார்கள். முப்பது மடங்கு கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை, மறுமுனையில் சோறு தின்கிற ஆள் ஒருத்தர் இருக்க வேண்டும் என்றார்கள். வாங்க ஆள் வந்த பிறகு விற்க ஆள் வராதா? ‘மனிதர் வரிசை’ என்ற பெயரில் கம்ப்யூட்டர் உதவி மையங்கள் ஊருக்கு ஊர் முளைத்தன.

அதே வேகத்தில் கலப்படமும் முளைத்தது. மெஷினை உட்காரவைத்துவிட்டு மனிதர் ரேட்டு வாங்கினார்கள். அரசாங்கம் உடனே குரல் சான்று வாரியம் என்று ஒன்றை வைத்தது. ஒவ்வொரு அழைப்பையும் வாரியத்தின் கருவி ஒட்டுக்கேட்டு நூற்றுக்கு இத்தனை என்று மனித மதிப்பெண் போடும். இழுத்துப் பேசினால் மார்க்கு, பேர் மறந்தால் மார்க்கு, தப்பாகச் சொல்லித் திருத்தினால் கூடுதல் மார்க்கு. தொண்ணூறைத் தாண்டினால் இருபது ரூபாய் வசூலிக்கலாம். தொடர்ந்து மூன்று வாரம் ஐம்பதுக்குக் கீழே போனால் அந்த ஆளின் மனிதச் சான்று ரத்து. அப்புறம் நாட்டில் எந்த மையத்திலும் அவருக்கு நாற்காலி கிடையாது.

‘துணைக்கரம் உதவி மையம்’ ஒரு வத்தல் கிட்டங்கியின் மாடியைப் பிடித்ததற்கு வாடகை குறைவு என்பது மட்டும் காரணமில்லை. கீழே மிளகாய் மூட்டை பிரிக்கும்போதெல்லாம் மேலே பதினாறு பேரும் தும்முவார்கள். எந்த மெஷினாலும் அவ்வளவு அசிங்கமாகத் தும்ம முடியாது.

ஜெயக்கனி மட்டும் தும்முவதில்லை. ஒன்பது வருடத்தில் மூக்கு மரத்துவிட்டது. நாற்பத்தொரு வயது. பஜாரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் பிரஷ் வைத்துத் தூசி தட்டுவதில் ஆரம்பித்தவள். கேபிள் முனை மாட்டக் கற்று, மெமரி மாற்றக் கற்று, பிறகு இந்த மையத்தின் முதல் நிலையில் சேர்ந்து, ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ என்ற ஒரே வாக்கியத்தில் இரண்டு வருடம் குடும்பம் நடத்தினாள். இரண்டாம் நிலைக்கு ஏறிய பிறகு வாடிக்கையாளரின் திரையைத் தன் திரையில் எடுத்துத் தானே கைவைத்துச் சரிசெய்யும் அதிகாரம் வந்தது. மூன்றாம் நிலைக்கு ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. தனி அறை, வத்தல் நெடி வராது, மற்றவர்களின் வேலையை மேற்பார்வையிட வேண்டும். மதுரையில் மகளின் ஹாஸ்டல் கட்டணத்தை அந்தச் சம்பளத்தில் மூச்சுத் திணறாமல் கட்டலாம்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை மேனேஜர் பூபதிராஜா அவளைக் கூப்பிட்டது அதற்காக அல்ல. அவன் பருப்புத் தரகர் வீட்டுப் பிள்ளை. வயது முப்பத்துமூன்று. எதைப் பேசினாலும் கைத்துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேரம் பேசுகிற தோரணை போகாது.

“அக்கா, இத்தனை நாள் அம்பதை ஒட்டியே தப்பிச்சீங்க. போன வாரம் நாப்பத்தெட்டு. அதுக்கு முந்தின வாரம் நாப்பத்தொம்பது. இன்னும் ஒரு வாரந்தான் பாக்கி.”

“என் வேலையில ஏதாவது குறை இருக்கா சார்?”

“குறை இல்லாததுதான் குறை. ஒரு கஸ்டமர் எழுதியிருக்காரு பாருங்க. ‘பிரிண்டர் ஓடலைன்னு சொல்லி வாய மூடல, எந்தக் கேபிள்னு அந்தம்மா சொல்லிருச்சு. மெஷினை உக்கார வச்சு மனுசன் காசு புடுங்குற களவாணிப் பயலுக.’ பயலுகங்கிறது என்னைத்தான்.”

“பிரிண்டர் ஓடுச்சா, இல்லையா?”

“ஓடுச்சு. அதனாலதான் சந்தேகம்.” அவன் நாற்காலியை முன்னே இழுத்தான். “ஒரு நாளைக்கு நாலு தப்பு பண்ணுங்க.”

“நாலா?”

“சரி, உங்களுக்காக மூணு. அதுக்குக் கீழ எனக்குக் கட்டுபடியாகாது.”

“பண்ணத் தெரியாம இல்ல தம்பி. பண்ணக் கூடாதுன்னு இருக்கேன்.” கோபம் வந்தால் ‘சார்’ அவள் வாயில் ‘தம்பி’யாகிவிடும்.

“செண்பகமூர்த்தி அண்ணனைப் பாருங்க. நேத்து ஒரு மணி நேரத்துல ரௌட்டரை மூணு தடவை ‘அந்த டப்பா’ன்னாரு. ஒருத்தரை இன்னொருத்தர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டு, ‘ஐயையோ, சாரி அண்ணாச்சி’ன்னாரு. கேக்கவே எவ்வளவு மனுசத்தனமா இருக்கு! தொண்ணூத்திநாலு மார்க்கு!”

செண்பகமூர்த்திதான் மையத்தின் குலதெய்வம். அவருக்கு மட்டும் கண்ணாடிக் கூண்டு. அதற்குள் கழுத்தில் மப்ளரோடு திரும்பி உட்கார்ந்திருப்பார். வெளியே வந்தால் யாரிடமும் பேசமாட்டார். குரலைச் சேமிக்கிறேன் என்று தொண்டையைத் தொட்டுக் காட்டிவிட்டு டிபன் பாக்ஸைத் திறப்பார். தொண்ணூற்றுநாலு மார்க்கு வாங்குகிறவர் கொஞ்சம் அலட்டத்தான் செய்வார் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

பூபதிராஜா குரலைத் தாழ்த்தினான். “இன்னொண்ணு. வியாழக்கிழமை வாரியத்துலருந்து ஆபீசர் வர்றாரு. நம்ம மையத்துல ஒரு குரல் மனுசக் குரலே இல்லைன்னு யாரோ எழுதிப் போட்டிருக்காங்களாம். எந்தக் குரல்னு சொல்ல மாட்டேங்குறாங்க.” மீன் வாங்குகிறவர் செவுளைத் தூக்கிப் பார்ப்பது போல அவள் காதோரத்தைப் பார்த்தான். “தப்பா நினைக்காதீங்க அக்கா. காதுல எதையாவது மாட்டிக்கிட்டு, அது சொல்றதைத் திருப்பிச் சொல்றது… அப்படி ஏதும்…”

“போய் உங்க வேலையைப் பாருங்க தம்பி!”

அவன் அறையிலிருந்து அவனையே போகச் சொல்லிவிட்டோம் என்பது கதவைத் தாண்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இதற்கு மார்க்கு போட அங்கே கருவி இல்லை.

அன்று மத்தியானம் சாத்தூரிலிருந்து ஒரு சேவுக் கடைக்காரர் கூப்பிட்டார். நெட் வரவில்லை. மஞ்சள் கேபிள் கழன்றிருக்கிறது என்று மூன்றாவது விநாடியே ஜெயக்கனிக்குத் தெரிந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, “நீலக் கேபிளைப் பிடுங்குங்க அண்ணாச்சி… இல்லல்ல, ஐயோ, மஞ்சள்… மஞ்சளைத்தான் சொன்னேன்” என்றாள்.

மறுமுனையில் எண்ணெய்ச் சட்டியின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அவர், “ஏம்மா, பாத்து வாசிக்கிறியா?” என்றார்.

வாரியத்தின் கருவியும் அதையேதான் கேட்டது. நாற்பத்தொன்று போட்டு, பக்கத்தில் ‘திட்டமிட்ட பிழை’ என்று குறிப்பும் எழுதியது.

அப்படியானால் செண்பகமூர்த்தியின் தப்புகள் மட்டும் எப்படி விலைபோகின்றன? இரண்டாம் நிலைக்காரர்கள் வேலை கற்பதற்காக மற்றவர்களின் ஒலிப்பதிவைக் கேட்கலாம் என்று விதி இருந்தது. இரண்டு நாள் சாப்பாட்டு நேரம் முழுவதும் அவர் குரலைக் காதில் போட்டுக்கொண்டு, ஒரு பழைய துண்டுச் சீட்டில் கோடு கிழித்தாள். நூற்று நாற்பது தப்பு. கேட்கக் கேட்க இனித்தது. திணறுவார், தும்முவார், கம்ப்யூட்டரின் பேரை மறந்து ஊர் பேரைச் சொல்வார். இவ்வளவும் செய்து, ஒருத்தருக்குக்கூட ஒரு நயா பைசா நட்டமில்லை. ஒரு ஃபைல் அழியவில்லை, ஒரு பில் தொலையவில்லை. நூற்று நாற்பதும் வாயோடு சரி. கை ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை.

ஜெயக்கனிக்குச் சந்தேகம் தட்டியது அங்கேதான். மற்றவர்களின் தப்பு அப்படியில்லை. அவளுக்கு எதிர்வரிசையில் இருப்பவர் ஒரு ஜவுளிக்கடையின் தீபாவளிக் கணக்கையே அழித்துவிட்டு மூன்று நாள் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டார். நிஜத் தப்பு என்றால் யாருக்காவது எதுவாவது போயிருக்கும்.

அதை அவளை விட நன்றாக அறிந்தவர் அந்த மாடியில் யாருமில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் அவளும் ஒன்று செய்திருந்தாள்.

தென்காசிப் பக்கம் காது கேளாத பிள்ளைகளுக்கான ஒரு சிறிய பள்ளி. எப்சிபா என்ற டீச்சர் அங்கே பேச்சுப் பயிற்சி கொடுப்பவர். காதுக்குள் கருவி வைத்த பிள்ளைகளை மாசக்கணக்கில் பழக்கி, முதல் சொல் வாயிலிருந்து வரும் நேரத்தில் அதைப் பதிவுசெய்து வைத்துக்கொள்வார். பதினாலு வருடம். இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளின் முதல் சொல். பழைய டிஸ்க் முனகுகிறது, புதிதாக ஒன்று மாட்டியிருக்கிறோம், எல்லாவற்றையும் அதற்கு மாற்றிக் கொடுங்கள் என்று மனிதர் வரிசையில் கூப்பிட்டார். மெஷினை நம்பி இதைக் கொடுக்க முடியாதம்மா என்று வேறு சொன்னார்.

ரெண்டாவது டிஸ்க் பழசு, மூணாவது புதுசு என்றார் டீச்சர். நெல் அளக்கிறவர் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று சொல்லித் தொடங்குவது போல, கம்ப்யூட்டருக்கும் ஒரு வழக்கம் உண்டு. அது முதலாவதைப் ‘பூச்சியம்’ என்று எண்ணும். ஆகவே வாடிக்கையாளர் சொல்லும் எண்ணில் ஒன்றைக் கழித்துக்கொள்வது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. ஜெயக்கனி மூன்றில் ஒன்றைக் கழித்து, சீட்டில் ‘2’ என்று எழுதினாள். அதற்குள் லைன் அறுந்தது. திரும்ப இணைத்தபோது சீட்டில் இருந்த ‘2’ டீச்சர் சொன்ன எண் என்று நினைத்து, இன்னொரு தடவை கழித்தாள். புது டிஸ்கை முதலில் துடைத்துத் தயார்செய்வது முறை என்பதால், ஒன்றாம் எண் டிஸ்கைத் துடைத்துச் சுத்தமாக்கச் சொல்லிப் பொத்தானை அமுக்கினாள்.

துடைத்தது பழைய டிஸ்கை.

ஐந்து நிமிடம் அவள் பேசவில்லை. பிறகு, “டிஸ்க் ஏற்கெனவே போயிருச்சு டீச்சர், எங்க கையில ஒண்ணும் இல்ல” என்றாள். அழைப்பை முடிக்கும்போது காரணம் கேட்கும் கட்டத்தில் ஏழாவதைத் தேர்ந்தெடுத்தாள். ஏழு என்றால் ‘ஏற்கெனவே பழுது’. மையத்தில் எல்லாரும் கைவைத்திருக்கும் எண்தான் அது. ஆனால் அவள் அன்றோடு தடுமாறுவதையே விட்டுவிட்டாள். ஒவ்வொரு எண்ணையும் நாலு தரம் சரிபார்ப்பாள். அந்தக் கவனம்தான் இப்போது அவளை மெஷின் என்று காட்டிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை வந்த ஆபீசரின் பெயர் ஆவுடைநாயகம். பாளையங்கோட்டைக்காரர், சென்னையில் வேலை. கொடுத்த காபியைக் குடிக்காமல், சொந்த பிளாஸ்கைத் திறந்து வெந்நீர் குடித்தார். ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார். ஜெயக்கனியைக் கடைசிக்கு முந்தி.

“ஒன்பது வருசம். அறுபத்தோராயிரம் கால். கடைசி ஆறு வருசத்துல, திங்கக்கிழமை நடிச்சதைத் தவிர, திருத்திச் சொன்ன இடம்கூட இல்ல. எப்படிம்மா?”

“கவனமா இருக்கேன் சார்.”

“கவனமா இருக்கிற மனுசனை நான் பாத்ததில்ல. கவனமா இருக்கிற மெஷினைப் பாத்திருக்கேன்.” பேனாவை மூடித் திறந்தார். “உங்களுக்கு மூணாவது வாரமும் அம்பதைத் தொடல. நாளைக்குச் சான்று காலாவதி. அதுக்கு முன்னால நீங்க சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?”

இரண்டு நாளாகப் பொதிந்து வைத்திருந்த சரக்கை அவள் இறக்கினாள். “சார், தப்பு எத்தனைன்னு எண்ணாதீங்க. அதனால யாருக்கு என்ன போச்சுன்னு பாருங்க. வாய் தடுமாறினா நடிப்பாக்கூட இருக்கலாம். கை தடுமாறி நட்டம் வந்திருந்தாத்தான் அது நிஜம்.”

அவர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். “நல்ல தராசு. யாரையாவது மனசுல வச்சுச் சொல்றீங்களா?”

“இல்ல சார்.” ஆனால் அவள் கண் கண்ணாடிக் கூண்டுப் பக்கம் போய்த் திரும்பியிருந்தது. அவரும் அதைப் பார்த்தார்.

“சரி. அதே தராசுல முதல்ல உங்களை ஏத்துவோம். உங்க கையால ஒருத்தருக்கு நட்டம் வந்தது ஒண்ணு காட்டுங்க. இல்லைன்னா, நீங்க யாரை நினைச்சீங்களோ அவரும் நீங்களும் ஒரே சரக்கு.”

தான் கொண்டுவந்த தராசில் தன் கழுத்தே மாட்டியதை ஜெயக்கனி உணர்ந்தாள். சொல்லாவிட்டால் சான்று போகும். சொன்னால் பொய்க்காரி என்ற பேரோடு மூன்றாம் நிலை போகும். எந்த மையம் அவள் கையில் ஒரு டிஸ்கைக் கொடுக்கும்? கீழே மூட்டை பிரித்தார்கள். பக்கத்து அறைகளில் வரிசையாகத் தும்மல். ஆபீசரும் தும்மினார், கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அவள் சொன்னாள். டீச்சர், இருநூற்றுப் பன்னிரண்டு, லைன் அறுந்தது, சீட்டு, ஏழாம் எண்.

ஆவுடைநாயகம் ஒரே ஒரு இடத்தில் நிறுத்தி மறுபடி கேட்டார். “மூணுல ஒண்ணைக் கழிச்சீங்க. அப்புறம் அந்த ரெண்டுலயும் ஒண்ணைக் கழிச்சீங்க.”

“ஆமா சார்.”

“தொழில் தெரியாதவன் கழிக்கவே மாட்டான். மெஷின் ஒரு தடவைதான் கழிக்கும்.” அவர் கோப்பில் எதையோ எழுதி, முத்திரையை ஊதி வைத்தார். “ரெண்டு தடவை கழிக்க, தொழில் நல்லாத் தெரிஞ்ச மனுசி ஒருத்தி வேணும். தொண்ணூத்தாறு.”

“பொய் சொன்னதுக்கு?”

“அதுக்கு மார்க்கு கிடையாது. நீங்க மனுசியான்னு பாக்கத்தான் வாரியம் இருக்கு. நல்ல மனுசியான்னு பாக்க இன்னும் ஆபீஸ் திறக்கல.” எழுந்தார். “ஆனா வாடிக்கையாளருக்குத் தகவல் போயாகணும், அது விதி. நீங்க சொல்றீங்களா, நாங்க சொல்லட்டுமா? நாங்கன்னா மெஷின்தான் கூப்பிட்டுச் சொல்லும்.”

“நான் சொல்றேன்.”

அவர் நேராகக் கண்ணாடிக் கூண்டுக்குப் போய்க் கதவைத் திறந்தார். மாடியே எட்டிப் பார்த்தது. செண்பகமூர்த்தி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் இருந்த ஒலிபெருக்கியில் அவருடைய குரல், அந்த அழகான, இழுத்துப் பேசும் குரல், “ஐயையோ, சாரி அண்ணாச்சி, அந்த டப்பாவுக்குப் பின்னால…” என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தது. ஆபீசர் பேர் கேட்டார். செண்பகமூர்த்தி ஒரு தாளில் பேரையும் காரணத்தையும் எழுதிக் காட்டினார். பதினாலு மாதத்துக்கு முன்னால் தொண்டையில் அறுவை சிகிச்சை. பதினோரு வருடம் கத்திப் பேசிய குரல் திரும்பி வரவே இல்லை.

போகும்போது செண்பகமூர்த்தி ஜெயக்கனியின் மேஜையருகே நின்றார். அவள் எழுந்து, “அண்ணே, நான் உங்க பேரைச் சொல்லல” என்றாள். கண் சொல்லிவிட்டது என்பதைச் சொல்லவில்லை. அவர் சிரித்தார். தாளின் பின்பக்கத்தில் எழுதி அவளிடம் கொடுத்துவிட்டு மப்ளரை இறுக்கிக்கொண்டு படியிறங்கினார்.

‘தப்பெல்லாம் மெஷினோடது இல்லம்மா. பதினோரு வருசத்துல நான் செஞ்சதைத்தான் ஒண்ணொண்ணா எழுதிக் குடுத்தேன். நட்டம் வந்ததை மட்டும் எழுத மனசு வரல.’

ஜெயக்கனி அந்தத் தாளை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பூபதிராஜா வந்து நின்றது தெரியவில்லை.

“அக்கா! தொண்ணூத்தாறு! மூணாம் நிலை ரூமைக் கூட்டச் சொல்லிட்டேன்.”

“நான் ஒரு ஸ்கூலோட டிஸ்க்கை அழிச்சிட்டுப் பொய் சொன்னவ சார். கேட்டீங்களா?”

“கேட்டேன். ‘நிஜமாகவே தப்புச் செய்தவர்’னு வாரியமே முத்திரை குத்தியிருக்கு. இதுக்கு மேல விளம்பரம் வேணுமா? இருபத்திரண்டு ரூவா கேட்டாக்கூடக் குடுப்பாங்க.”

மறுநாள் காலையில், சொந்தப் போனிலிருந்து, கிட்டங்கியின் மாடிப்படியில் உட்கார்ந்து அவள் எப்சிபாவைக் கூப்பிட்டாள். இரண்டு தடவை எண்ணை அமுக்கிவிட்டுத் துண்டித்தாள். மூன்றாவது தடவை அமுக்குவதற்குள் அந்தப் பக்கமிருந்தே அழைப்பு வந்துவிட்டது.

“டீச்சர், விருதுநகர்ல இருந்து பேசுறேன். துணைக்கரம் மையம். நான் ஜெயக்கனி…”

“ஆறு வருசம், மூணு மாசம்,” என்றார் எப்சிபா.

“டிஸ்க்கை அழிச்சது நான்தான் டீச்சர். ஏற்கெனவே போயிருந்ததுன்னு நான் சொன்னது பொய்.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“என் தொழிலே பிள்ளையளோட மூச்சைக் கேக்கதுதானம்மா. வார்த்தை வாறதுக்கு முன்னால மூச்சு வரும். அன்னைக்கு நடுவுல உங்க மூச்சு நின்னுட்டு. திரும்ப வந்தது வேற ஆளு மூச்சு. அப்புறந்தான் டிஸ்க் ஏற்கெனவே போயிட்டுன்னு சொன்னிய.” கொஞ்சம் நிறுத்தினார். “மெஷினா இருந்தா அந்த நிமிசமே மன்னிப்புக் கேட்டிருக்கும். நீங்க கேக்கல. சரி, மனுசிதான்னு புரிஞ்சிக்கிட்டேன்.”

“அப்ப ஏன் டீச்சர் புகார் குடுக்கல?”

“யாரு சொன்னா? வாரியத்துக்கு எழுதினதே நாந்தானே.”

ஜெயக்கனி படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்களைப் பத்தி இல்ல. மாசாமாசம் பிரிண்டர் கெட்டுட்டுன்னு பொய் சொல்லி உங்க லைன்ல கூப்பிடுவேன். என்னைக்காவது நீங்க எடுப்பியளான்னு. முக்காவாசி நேரம் ஒரே ஆம்பள ஆளுதான் எடுப்பாரு. ஒரு வருசத்துக்கு முன்னால வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு. அதுக்கப்புறம் மூச்சை இழுக்காரு, விடவே மாட்டங்காரு. எத்தனை நேரந்தான் ஒரு மனுசன் இழுத்துக்கிட்டே இருப்பாரு? அதை எழுதிப் போட்டேன். உங்களைப் பத்தியும் எழுதினேன், எழுதி எழுதிக் கிழிச்சிட்டேன்.”

ஆபீசர் கூண்டுக்குள் இருப்பவரைத் தேடித்தான் வந்திருக்கிறார். தெரிந்துகொண்டே அதற்கு முன் அவளை உட்காரவைத்து, விலை சொல்லாமலே சரக்கை இறக்க வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எப்பேர்ப்பட்ட வியாபாரி! கோபப்படுவதற்குக்கூட அவளுக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

“ஏன் கிழிச்சீங்க?”

“நான் மட்டும் என்ன, யோக்கியமா?” டீச்சரின் குரல் இப்போதுதான் இறங்கியது. “பெத்தவங்க வருவாவ. பிள்ளைக்குக் கலியாணம் டீச்சர், மண்டபத்துல போட்டுக் காட்டணும், அந்த மொதச் சொல்லைக் குடுங்கம்பாவ. இருக்கு, தேடி எடுத்து அனுப்புதேம்பேன். ஆறு வருசமாத் தேடுதேன். தொலைச்சிட்டேன்னு சொல்ல எனக்கும் வாய் வரல. உங்களைக் காட்டிக் குடுத்தா அதுவும் வெளிய வரும்லா?”

“மன்னிச்சிருங்க டீச்சர்.”

“அதை வச்சு நான் என்ன செய்ய? பேனா இருக்கா?”

“இருக்கு.”

“எழுதிக்கிடுங்க. இருநூத்திப் பன்னிரண்டு பேரும் எனக்குப் பாடம். ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் கூப்பிடுங்க. அழிச்சது நான்தான்னு சொல்லுங்க. எப்படித் தொலைஞ்சதுன்னும் சொல்லுங்க. அப்புறம், அவங்க போன்ல காப்பி கீப்பி இருக்கான்னு கேளுங்க. போன்ல பேசுதது உங்க தொழில்தானே? எனக்குச் சொல்ல முடியாததை நீங்க சொல்லிருங்க.”

“முதல் சொல்லு எல்லாருமே ‘அம்மா’ன்னுதான் சொல்லியிருப்பாங்களா டீச்சர்?”

“அப்படியா நினைச்சிய? பாதிக்கு மேல ‘வேண்டாம்’தான்.” அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வந்து பாதியில் நின்றது. “மொதப் பேரு. ஆழ்வார்குறிச்சி, சுடலைவடிவு…”

பேர்களையும் போன் எண்களையும் எழுதி முடிக்க மூன்று நாள் ஆயிற்று. அதற்குப் பிறகு தினமும் சாப்பாட்டு வேளையில், நெடி வராத அந்த மூன்றாம் நிலை அறையில் உட்கார்ந்து ஜெயக்கனி கூப்பிட்டாள். ‘வணக்கம், நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்’ என்று ஆரம்பித்தால் பலர் அந்த வாக்கியத்திலேயே வைத்துவிடுவார்கள். முன்பின் தெரியாத ஒருத்தி, யாரும் கேட்காமலே, தானாகக் கூப்பிட்டுக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாள் என்றால் நாட்டில் எவர்தான் நம்புவார்? “எந்தக் கம்பெனி மெஷின்டி இது, நல்லா அழுவுது” என்று அம்பாசமுத்திரத்தில் ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது காதில் விழுந்தது. களக்காட்டில் ஒருவர், ஓ.டி.பி. கேட்பதற்கு முன்னாலேயே தரமாட்டேன் என்றார். கடையநல்லூரில் ஒரு பையனின் அப்பா முழுதும் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, அவள் குலத்தையே இழுத்துக் கால் மணி நேரம் திட்டினார். அவள் வைக்கவில்லை. திட்டி ஓய்ந்தவர் பழைய போனைத் தேடி எடுத்து, ஏழு விநாடி ஒலிப்பதிவு ஒன்றை அனுப்பிவைத்தார். கரகரவென்ற காற்றுக்கு நடுவில், கதவு கீறுவது போன்ற ஒரு சத்தம். அது என்ன சொல் என்று ஜெயக்கனிக்குப் புரியவில்லை. எப்சிபா இரண்டு தடவை கேட்டுவிட்டு, “இவன்தான்” என்றார்.

நாலு மாத முடிவில் அவள் டீச்சருக்கு அனுப்பிய கணக்கு இது. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். எண் மாறிப்போனது அறுபத்தொன்று. மெஷின் என்றோ மோசடி என்றோ சொல்லி வைத்துவிட்டவர்கள் எழுபத்து நான்கு, இவர்களை மறுபடியும் கூப்பிட வேண்டும். இன்னும் கூப்பிடாதது இருபத்தொன்பது. நின்று கேட்டவர்கள் நாற்பத்தெட்டு. அதில் காப்பி வைத்திருந்தவர்கள் இருபத்து மூன்று.

வரவு இருபத்து மூன்று. பாக்கி நூற்று எண்பத்தொன்பது.